பன்னிரண்டு பாட்டும் ஒரே வீட்டைப் பற்றி

இராஜபாளையம்
14-10-2025

அன்பு மகன் பிரேம்குமாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் சுகம்தான் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை, அதனால் சுகமா என்று கேட்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் பேசுவது உனக்கே தெரியும், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டீர்களா, அங்கே குளிரா, இங்கே மழையா, அதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரப்போகிறது என்றால் இரண்டு பேரில் ஒருவருக்கு அவசர வேலை வந்துவிடும். கடிதத்தில் அப்படி எழுந்து ஓட முடியாது, அதுதான் உட்கார்ந்துவிட்டேன். மலைப்பக்கம் நல்ல மழை. நம் கிணற்று மோட்டார் நின்றுபோய் நானே பிரித்துச் சரிசெய்தேன், முப்பத்தோரு வருடம் மில்லில் பிட்டராக இருந்த கை இன்னும் மறக்கவில்லை. சர்க்கரை ஏறவில்லை. உன் அம்மா போன பிறகு இது மூன்றாவது தீபாவளி. அரைத் தம்ளர் அரிசி போட்டால் எனக்கு இரண்டு வேளைக்கும் மிஞ்சுகிறது, இன்னும் அளவு பிடிபடவில்லை.

உன் ரேடியோ நிகழ்ச்சியைப் பற்றித்தான் எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், சம்பளமில்லாத வேலைதான், வாரம் ஒரு மணி நேரம், ப்ளூஸ் என்று ஒருவகைப் பாட்டு, சனிக்கிழமை ராத்திரி இங்கே போட்டால் உங்களுக்கு ஞாயிறு காலை ஆறரை என்று நீ சொல்லி, அதைப் போனில் கேட்க வழியும் பண்ணிக் கொடுத்தாய். முதல் இரண்டு மாதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நைட் ஷிப்டு முடிந்து வருகிறவன் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு முனகுகிற மாதிரி இருந்தது. உனக்காகத்தான் கேட்டேன். இந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இன்னொரு ஆள் குரல் கேட்கிறது, அதுவும் என் மகன் குரல், இங்கிலீஷாக இருந்தால் என்ன. கேட்கக் கேட்க நீ அடுக்குகிற விதம் பிடிபட்டது. முதலில் ஒரு வேகமான பாட்டு, நடுவில் இரண்டு மூன்று அழுகைப் பாட்டு, பிறகு ஒரு பொம்பளை கணீரென்று பாடுவாள், கடைசியில் மவுத் ஆர்கன். பன்னிரண்டு பாட்டுக்காக நூறு பாட்டு கேட்க வேண்டியிருக்கிறது அப்பா, ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் மாறிப்போகின்றன என்று ஒருநாள் சொன்னாய். போட்ட பாட்டை ஒரு வருடத்துக்குத் திரும்பப் போடுவதில்லை என்றும் சொன்னாய். அன்றைக்குத்தான் நீ என்னோடு அதிக நேரம் பேசினாய், பதினெட்டு நிமிடம்.

ஆடி மாதத்திலிருந்து உன் அடுக்கு மாறிவிட்டது. வேகமான பாட்டு போயிற்று, அந்தப் பொம்பளைக் குரலும் போயிற்று. பாட்டுக்கு நடுவே நீ சிரித்துப் பேசுவதும் இல்லை, பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறாய். புரட்டாசியில் ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு வாரம் போட்டாய். மறந்து போட்டாயோ என்று முதலில் நினைத்தேன், நீ மறக்கிற ஆள் இல்லை. மாடியில் குடியிருக்கிற ஹெப்சிபா டீச்சர் காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குக் கிளம்பும் முன்னால் கீழே கூப்பிட்டு, இந்தப் பாட்டில் என்னம்மா சொல்கிறான் என்று கேட்டேன். இரண்டு பாட்டு கேட்டார், மூன்றாவதும் கேட்டார். பிறகு, வீட்டைவிட்டுப் போனவள் காபி குடித்த கோப்பையைக் கழுவாமலே வைத்திருக்கிறானாம் ஒருவன் என்றார். மற்றதெல்லாம் என்றேன், கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். கதவு, கட்டில், ஆள் இல்லாத அடுப்படி, பன்னிரண்டும் ஒரே வீட்டைப் பற்றித்தான் ஐயா என்றார். அன்று அவர் ஆராதனைக்குப் பிந்திப் போனார். மறுநாள் உன்னிடம் போனில் மருமகள் கார்த்திகா எங்கே என்று கேட்டேன், டியூட்டி என்றாய். அதற்கு முந்தின வாரமும் டியூட்டி, அதற்கும் முந்தின வாரமும் டியூட்டி.

சம்பந்தி வீட்டுக்குப் போய் வரலாம் என்று போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். மாரிச்சாமி சம்பந்திக்கு உடம்பு எப்படி என்று கேட்கிற சாக்கில் பேச்சைத் தொடங்கலாம், அவர் மகள் ஏதாவது போனில் சொல்லியிருக்கிறாளா என்று பார்க்கலாம், அவ்வளவுதான் என் கணக்கு. மடவார்வளாகத்தில் இறங்கி நடந்து, பழப்பையோடு கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தது கார்த்திகா. ஆவணியிலேயே வந்துவிட்டாளாம். ஐம்பது நாளாக என் மருமகள் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்றும், தெரிந்தே வரவில்லை என்றும் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். சம்பந்தி பட்டாளத்தில் இருந்தவர், எதையும் நேராகக் கேட்பார், அன்று என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அந்த வீட்டில் யாரும் உன்னைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

கார்த்திகா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனி மாதம் அவளுக்கு மூன்று மாதக் கரு கலைந்ததை அப்போதுதான் சொன்னாள். எனக்கு ஒரு பேரப்பிள்ளை வர இருந்ததும், இல்லாமல் போனதும் ஒரே மூச்சில்தான் தெரிந்தது பிரேமு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமையாம். நீ அவளைப் படுக்க வைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்து அறையில் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுநாள் நிகழ்ச்சிக்குப் பாட்டு எடுக்க உட்கார்ந்துவிட்டாயாம். சனிக்கிழமை ரேடியோவில், எங்களுக்குப் பிறக்க வேண்டிய பிள்ளைக்கு என்று சொல்லி ஒரு பாட்டுப் போட்டாயாம், அந்த ஊரில் முகம் தெரியாதவர்கள் எல்லாம் போன் பண்ணி உனக்கு ஆறுதல் சொன்னார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ கொஞ்ச நேரம் கூடுதலாகப் பேசியது ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் புரியாமல் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட சொல்ல வேண்டியத ரேடியோவுல சொன்னாவ மாமா" என்றாள். "நான் கட்டில்ல படுத்துக்கிட்டு, ஊரோட ஊரா அதக் கேட்டேன். அதுக்குப் பொறவும் ரெண்டு மாசம் பாத்தேன். எம்புட்டு நேரம் பாட்டுத் தேடுறாவ, எனக்குன்னு ஒரு வார்த்தை தேடல."

உனக்குத் தெரியாத ஒன்றை அவளிடம் சொன்னேன், உனக்கும் இப்போது எழுதுகிறேன். உனக்கு முன்னால் உன் அம்மாவுக்கும் ஒன்று தங்காமல் போயிற்று. அன்று நான் செகண்ட் ஷிப்டுக்குப் போனேன். லீவு கொடுக்கிறேன் என்றுதான் சூப்பர்வைசர் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டில் பொன்மணி முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பயம், மெஷின் சத்தத்துக்குள் நின்றால் ஒன்றும் கேட்காது. அவள் கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லையே, அதனால் மறந்துவிட்டாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கார்த்திகா இதைக் கேட்டுவிட்டு, அத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் மாமா, கல்யாணமான புதிதிலேயே சொன்னார்கள் என்றாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், இப்போதைக்குத் திரும்பி வருகிற எண்ணம் இல்லை. நான் அவனை உன்னிடம் பேசச் சொல்கிறேன் தாயி என்றேன். "நீங்க சொல்லி அவிய பேசினா அது எனக்கு வேண்டாம் மாமா. அப்படிச் சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். அதனால் அவளோடு பேசு என்று நான் இதில் எங்கும் எழுதவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் எழுதியிருக்கிறேன். மாமா நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பஸ் கிளம்பும்போது சொன்னாள். தீபாவளிக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனால் உன்னைக் கைவிட்ட மாதிரி, போகாவிட்டால் அவளைக் கைவிட்ட மாதிரி.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமையும் உன் நிகழ்ச்சியைக் கேட்டேன். ஹெப்சிபா டீச்சர் பக்கத்து ஊர் தேவதானத்துக்குப் போயிருந்தார், அர்த்தம் சொல்ல ஆள் இல்லை, இனிமேல் அர்த்தம் கேட்கவும் வேண்டியதில்லை. நீ அந்த அறையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்ததை நினைத்துக்கொண்டே இருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, அப்புறம் உன் தலையைத் தடவ வேண்டும்போல இருந்தது. இரண்டுக்கும் கை எட்டாது. பழைய சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிடாதே, தினமும் ஒரு நேரமாவது புதிதாகச் சமை. பனி விழத் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுவலி. வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வராமல் நாலு பேர் இருக்கிற இடத்தில் செத்த நேரம் நின்றுவிட்டு வா.

உன் அம்மா இருந்தால் என்னென்ன சொல்லி வாழ்த்துவாளோ அத்தனையும் உனக்குக் கிடைக்கட்டும், நீ நன்றாக இருப்பாய். இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரம், நிகழ்ச்சி முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு, மறக்காதே. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டீர்களா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாம். அழுகை வந்தால் அழு. பேச ஒன்றும் வரவில்லை என்றால் சும்மா இரு, எவ்வளவு நேரமானாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஐயாதுரை