ஹன்னாவின் தலைக்குளியல்

ஷைனி அப்பாவுக்கு,

நானும் ஷைனியும் போலந்திலிருந்து அரூர் வந்து சேர்ந்தோம். ஞாயிறு ஆராதனையில் நம் மாணவர் ஊழியத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் நம் போலந்து வீட்டுக் குளியலறை. ஹன்னா கண்ணை மூடிக் குனிந்திருக்கிறாள், நான் அவள் தலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். கீழே, "ஞானஸ்நானம் பெறும் கல்லூரி மாணவி."

மைக்கிலேயே சொல்லிவிட்டேன். "இது ஞானஸ்நானம் இல்லீங்க. பரீட்சைக்குப் படிச்சுத் தலைவலின்னு வந்த புள்ளைக்கு எண்ணெய் வச்சு, சீயக்கா போட்டு அலசி விட்டேன். அவ இன்னும் ஆண்டவர ஏத்துக்கல."

வெளியே வந்ததும், நம்மை ஊழியத்துக்கு அனுப்பிய கமிட்டியின் செயலாளர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்க வூட்டுக்காரர் எழுதி அனுப்புனதத்தான போட்டோம்? இப்படிப் பேசுனா யாரு உங்கள மறுபடி அனுப்புவாங்க?"

அனுப்பாவிட்டால் போகட்டும். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டில் சோறு சாப்பிடும் பிள்ளைகள் நம்மை நம்பித்தான் வருகிறார்கள்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் கேட்கப்போவதில்லை. ஃப்ளெக்ஸைப் படம் எடுத்து இந்த மெயிலுடன் அனுப்பியிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை ஹன்னா வந்ததும், கீழே இருக்கும் வரியை அவள் மொழியில் நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சொன்னதில் ஒரு வார்த்தையும் திரும்பப் பெறாத,
உங்கள் மனைவி