கைப்பிடியில் தொங்கிய நீலத் துண்டு

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை. கூப்பிட்டால் "இதோ வரேன் ஸ்டெல்லா" என்பீர்கள், வரவே மாட்டீர்கள்.

நம் அஸ்தினாபுரம் தெரு அப்படியேதான் இருக்கிறது. பகல் முழுக்க எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது, தெருவில் ஒரு ஈ காக்கா கிடையாது. காய் வாங்கப் போனால் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே பேச்சு: "ஹலோ, நான் பேசுறது கேக்குதா?" திரைக்குப் பின்னால் யாரோ யாரையோ கேட்கிறார்கள். பதில் மட்டும் என் காதில் விழுவதே இல்லை.

முன்பெல்லாம் காலையில் குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடுவீர்கள். கம்பெனி ஆபீஸ் கட்டடத்தையே காலி செய்த பிறகு மாடி அறைதான் ஆபீஸ். கதவுக் கைப்பிடியில் நீலத் துண்டு தொங்கினால் மீட்டிங், தட்டக் கூடாது. அது நம் வீட்டுச் சட்டம். கொஞ்ச நேரம் மவுஸ் அசையாவிட்டால் கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு மஞ்சளாகும், உடனே மேனேஜர் போன் வரும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தீர்களே! மவுஸ் வயரை டேபிள் ஃபேனில் கட்டிவிட்டீர்கள். ஃபேன் தலையைத் திருப்பத் திருப்ப மவுஸும் மேஜைமேல் இழுபடும்.

"நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடணும்ல ஸ்டெல்லா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கும் துண்டு தொங்கியது. சாயங்காலம் காபியோடு வந்து நின்றவள், மனசு கேட்காமல் கதவைத் திறந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மவுஸ் போய்ப் போய் வந்தது. உங்கள் கை ஜில்லென்று இருந்தது. உயிர் பிரிந்து வெகு நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க உங்கள் மேனேஜர் போனில் வந்தார். தேனிப் பக்கம் சொந்த கிராமத்திலிருந்து வேலை பார்க்கிறாராம். பேச்சுக்கு நடுவே சேவல் கூவியது. "நம்பவே முடியல மேடம். சார் சாயங்காலம் வரைக்கும் ஆன்லைன்லதானே இருந்தாரு?" என்றார்.

இப்போது அந்த அறையில் நம் மகள் ஜெனி வேலை பார்க்கிறாள், அதே துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு. போன வாரம் ஒரு மதியம் மேலே பேச்சுச் சத்தமே இல்லை. படியேறி வந்து கதவில் காதை வைத்தேன். ஃபேன் சத்தம் மட்டும்தான். சட்டமாவது கிட்டமாவது என்று திறந்துவிட்டேன்.

நாற்காலி காலி. மவுஸ் போய்ப் போய் வருகிறது. பச்சை விளக்கு எரிகிறது. மேஜைக்கு அடியில் ஜெனி குப்புறக் கிடந்தாள். ஐயோ, நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது.

"என்னம்மா? காலைலேருந்து மீட்டிங், கொஞ்சம் கண்ணசந்தேன். இதுக்குப் போய்..."

"இந்த ஃபேன்?"

"அப்பா ஐடியாதான்மா." சொன்னவள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

ஃபேன் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பச்சை மஞ்சளானது. உடனே அவள் போன் அடித்தது, நான் எடுத்தேன்.

"ஜெனி, எங்க இருக்க? ஆளையே காணோமே?" என்றது அவள் மேனேஜர் பெண்ணின் குரல்.

"தூங்குறாம்மா. உயிரோட தூங்குறா," என்றேன்.

ஆளைக் காணோம் என்று கேட்க இவ்வளவு நேரம்தானா ஆகும்? அன்றைக்கு அந்த ஃபேன் மட்டும் ஓடாமல் இருந்திருந்தால் உங்களுக்கும் போன் அடித்திருக்கும். நீங்கள் எடுக்காவிட்டால் எனக்கு அடித்திருக்கும். நான் ஓடி வந்திருப்பேன். அப்போது உங்கள் கை சூடாக இருந்திருக்குமா?

துண்டைத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன். இனி மீட்டிங்கோ கீட்டிங்கோ, அவள் கதவைத் தட்டுவேன், பதில் வரும்வரை தட்டுவேன். இந்தத் தெருவில் சத்தம் அடங்கிப்போன எந்த வீட்டுக் கதவையும் தட்டுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்னங்க, நான் பேசுறது கேக்குதா?

உங்கள் மனைவி, ஜெனியின் அம்மா,
ஸ்டெல்லா