பட்டாணிக்குள் ஒளிந்திருந்தது

மர்பி டவுன், பெங்களூர்
20-1-1957

அன்பு மகள் சரளாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் நல்லபடி இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, டாடாநகரில் நீயும் ஷங்கரும் குழந்தையும் நன்றாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பாமா எழுதுகிறாள். (சொல்லாததையும் எழுதுவேன் அக்கா, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.) குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னதையும், வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தன்று கத்திரிக்காய் நறுக்கிய பாவம்தான் என்று நீ சாப்பிடாமல் கிடப்பதையும் இவள் படிக்கக் கேட்டு எனக்கும் சோறு இறங்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்று பட்டாணி உரிக்கும்போது இவள் பள்ளிக்கூடத்துப் பாடத்தை எடுத்துவிட்டாள். வெளிதேசத்தில் ஒரு பாதிரியார் மடத்துத் தோட்டத்தில் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் இணைசேர்த்தாராம், பிறந்ததெல்லாம் நெட்டை. குட்டை ஒழிந்தது என்றுதானே நினைப்போம், அந்த நெட்டைகளின் விதையைப் போட்டால் நாலுக்கு ஒன்று குட்டையாய் வந்து நின்றதாம். குட்டை எங்கேயும் போகவில்லை, நெட்டைக்குள் ஒளிந்திருந்தது, ஒளிந்திருக்கிற இரண்டு சேர்ந்தால்தான் வெளியே வருமாம். (கண்ணாமூச்சிப் பட்டாணி.)

கேட்டதும் எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்தது, பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அந்த வம்சத்து ரத்தம்தான் எனக்கும் என் அண்ணனுக்கும். என்னிடமிருந்து உனக்கும், அண்ணனிடமிருந்து அவர் மகன் ஷங்கருக்கும் அது ஒளிந்து வந்திருக்கலாம். மனிதரில் செடிபோல உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கத்திரிக்காய்க்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்று இவள் டீச்சர் அடித்துச் சொன்னார்களாம். கிரகணம் பிடித்தது சூரியனை, உன்னை இல்லை. (இது என் சரக்கு.) சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று முடிச்சுப் போட்டது நாங்கள், நீ ஒன்றும் செய்யவில்லை.

நேற்று அண்ணன் ஜீவனஹள்ளியிலிருந்து வந்து, "நம்ம சின்னவன் இளங்கோவனுக்கும் பாமாவுக்கும் பங்குனியிலே முடிச்சிடலாம்மா" என்றார். நான் வேண்டாம் அண்ணே என்று காரணத்தையும் சொன்னேன். "பட்டாணிக் கதை கேட்டுக்கினு கூடப்பொறந்தவன வேணாம்ன்றியா" என்று காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அழுதேன், ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. (அக்கா, இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.)

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ஷங்கரைக் கடிந்து பேசாதே, அவனும் உன்னைப்போலத்தான். மாசி பிறந்ததும் பாமாவோடு ரயிலேறி வருகிறேன். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். ஒன்றை மறக்காதே, கேட்காது என்று நீ வாயை மூடிக்கொள்ளாதே, குழந்தையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து நிறையப் பேசு.

உன் அம்மா
லட்சுமம்மா