பாவை மட்டும் விடமாட்டேன்

12-3-1981, வியாழன்

என் ரத்தம் ஏரி மதகை உடைக்கிற வேகத்தில் ஓடுகிறதாம். உப்பைக் குறைத்து, பீடியை விட்டு, தினமும் நடந்தால்தான் ஆயுசு என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை மகன் குமார், "மாமா, நாளைக்குத் தெருவுல தறிக்குப் பட்டுப்பாவு விரிக்கிறோம். நீங்க வராதீங்க, கம்முனு உக்காந்துகினு இருங்க" என்றான்.

"டாக்டரு நடக்கச் சொன்னாருடா. தெரு நீளத்துக்கு நூல இழுத்துக் கட்டி, பாவோட நடந்த நடையில ரெண்டு தடவ காசிக்குப் போயிருப்பேன்."

"வுழுந்துட்டீங்கன்னா?"

"பட்டு மேல வுழுவேன். எந்த ராஜாவுக்குடா அது கெடைக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. பீடிக்கட்டை அவன் கையில் கொடுத்துவிட்டேன். உப்பும் ஒழியட்டும். விடிவதற்குள் அவனுக்கு முன்னால் தெருவில் நிற்பேன். எமன் வந்தால், அவனும் பாவில் ஒரு முனையைப் பிடிக்கட்டும்.