நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய கடிதம்

என் உயிரான அக்கா,

பெரகலச் சந்தியில் அத்தான் கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து, மிளகு மடித்து வந்த பழைய பத்திரிகையைக்கூட ஓரம் விடாமல் படித்த உனக்கு, உன் தம்பி ராசு எழுதுகிறேன். நீ போய் மூன்று வருஷம் கழித்துத்தான் எழுத வந்திருக்கிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

முதலில் உனக்குப் பிடித்த சேதி. ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. முன்பெல்லாம் உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் பண்டாரவளை வரை வண்டியில் குலுங்கிப்போய், அங்கே ரயிலேறி, அப்புத்தளையில் இறங்கி, அப்புறம் மலையிறங்க வேண்டும். அதைச் சாக்காகச் சொல்லித்தானே வராமல் இருந்தேன்? இப்போது காலையில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு உன் வீட்டில் இருக்கலாம். சோறு போட நீதான் இல்லை.

என் வக்கீல் ஆபீசில் டைப்ரைட்டரும் வாங்கிவிட்டேன். நாள் முழுக்க டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. அது வருவதற்கு முன்னாலும் நான் என் கையால் எழுதியவன் இல்லை. உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதியவை. ஒரு தரம் கேட்டாயே, "ஏன்டா ராசு, உன் கடுதாசியப் பிரிச்சா கோர்ட்டுலேருந்து சம்மன் வந்த மாதிரியில்ல இருக்கு? அதுல நீ எங்கடா இருக்க?" என்று. சிரித்து மழுப்பிவிட்டேன்.

இன்று கோர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, என் கட்சிக்காரி. அவள் கைநாட்டு வைத்த சத்தியக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நீதிபதி துரை கேட்டார், இதை உனக்கு வாசித்துக் காட்டினார்களா என்று. "வாசிச்சாருங்க. முழுசாக் கேட்டுட்டுத்தாங்க கைநாட்டு வச்சேன்" என்றாள். எனக்கு முதுகில் யாரோ அடித்தது போல இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் நான் அதட்டிச் சொல்கிற பாடம் அதுதான், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று. சொல்கிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது?

நீ போவதற்கு முந்திய அந்தத் தை மாசம். கல்யாணக் கடிதங்கள் கட்டுக்கட்டாய் வரும் காலம். பழைய குமாஸ்தா ஊருக்குப் போய்விட, புதிதாக ஒருவரை வைத்திருந்தேன். "மஞ்சள் பூசி வர்ற உறையெல்லாம் பிரிச்சு நேரத்த வீணாக்காதீங்க. கட்டி வைங்க. மாசக் கடைசியில எல்லாருக்கும் ஒரு வாழ்த்து அனுப்பிரலாம்" என்றேன். பெரிய நவநாகரிக ஏற்பாடு என்று எனக்கே ஒரு மெப்பு. எங்கள் அக்கா எந்தக் கடிதத்துக்கும் மஞ்சள் பூசுவாள், பிறந்த வீட்டுக்குப் போகிற தாள் வெறும் தாளாகப் போகக் கூடாது என்பாள் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.

உன் கடிதம் வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். பின்பக்கம் அத்தான் கடை முத்திரை. கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று நினைத்துப் புதுக் குமாஸ்தா அதையும் அந்தக் கட்டோடு சேர்த்துவிட்டார். மாசக் கடைசியில் அச்சடித்த அட்டைகளை என் முன்னால் அடுக்கினார். பேசிக்கொண்டே வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். "தங்கள் இல்லத்துச் சுபகாரியம் இனிதே நிறைவேற வாழ்த்துகிறேன்." அதில் ஒன்று உனக்கு வந்தது.

அப்புறம் எனக்கு வந்தது தந்திதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அத்தான் அந்த அட்டையை என் கையில் கொடுத்தார். "மொதல்ல திகைச்சுப் போனா, மாப்ளே. அப்புறம் சிரிச்சா. மஞ்சளப் பாத்துக் கல்யாணக் கடுதாசின்னு நெனச்சுட்டாங்க போலன்னா. தந்தி அடிக்கிறேன்னேன். அவன் பதறிப் போயிருவான், வேணாம்னுட்டா. அப்ப மஞ்சள் இல்லாம ஒண்ணு எழுதுன்னேன். செத்தாலும் என் தம்பிக்கு அப்படி எழுத மாட்டேன்னா."

நீ நிஜமாகவே சிரித்தாயா அக்கா? இல்லை, என்னைத் தேற்ற அத்தான் அப்படிச் சொன்னாரா? அவரிடம் திருப்பிக் கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

பதுளைக்குத் திரும்பியதும் அந்தக் கடிதக் கட்டை எடுத்துவரச் சொல்லி நூலை அறுத்தேன். நடுவில் இருந்தாய். குமாஸ்தா சொன்னார், "மஞ்சள் பூசியிருந்துச்சுங்க ஐயா. நீங்கதானே சொன்னீங்க..." திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவது? அவர் செய்தது நான் சொன்னதைத்தான்.

"தம்பிக்கு, கொஞ்ச நாளாய் மூச்சு வாங்குகிறது. டாக்டர் பயமில்லை என்கிறார். எனக்கு என்னவோ உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கோர்ட் லீவில் ஒரு நாள் வா. வர முடியாவிட்டால் இரண்டு வரி எழுது. குமாஸ்தா வேண்டாம், நீயே எழுது." அவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

எனக்குக் கொழும்புப் பத்திரிகை இரண்டு வருகிறது. சென்னைப் பட்டணத்திலிருந்து மாசப் பத்திரிகை வருகிறது. அலமாரி நிறையச் சட்டப் புத்தகம். படிக்கிறவன் என்று ஊரே சொல்கிறது. நீயோ கிழிந்த அரைத் தாளை வைத்துக்கொண்டு, "மீதிப் பாதியில என்ன ஆச்சோ தெரியலையேடா, மனசு அடிச்சுக்குது" என்பாய். முகம் தெரியாதவன் கதைக்கு உனக்கு அவ்வளவு கவலை. உன் கடிதம் என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மாசத்துக்கு மேல் கிடந்தது. பாவி நான் பிரிக்கவில்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். புரொக்டர் ஐயா குட்டு வெளிப்பட்டது என்று கோர்ட்டில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். பத்திரிகை பழசானால் பழைய தாளாக அத்தான் கடைக்குத்தானே வந்து சேரும்? அவர் இதில் மஞ்சள்தூள் மடித்துக் கொடுப்பார். நாலு மூலையிலும் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். உனக்கு வருகிற கடிதம் வெறும் தாளாக வராது.

இனி எனக்கு வரும் எந்த உறையையும் என் கையாலேயே பிரிப்பேன். தை பிறந்தால் ரயிலேறி வந்து, அத்தானோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். இது சத்தியம். நீ கேட்டது இரண்டு வரி. அதற்கு மேலேயே எழுதிவிட்டேன். குமாஸ்தா வீட்டுக்குப் போய்விட்டார், டைப்ரைட்டர் மூடிக் கிடக்கிறது. முழுக்க நானே எழுதினேன், அக்கா.

உன் கூடப்பிறந்த தம்பி,
ராசு
பதுளை