பன்னிரண்டு அடிப் பேனர்

பசுமலை,
ஞாயிறு பூசை முடிந்து.

சாமியார் பயிற்சிக்காக ராஞ்சி நவதுறவகத்தில் போன் இல்லாமல் தவமிருக்கும் அண்ணன் லூர்துபாண்டிக்கு, இங்கே அம்மாவும் நானும் சுகம், அங்கே உன் சுகத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், சப்பாத்தியை மட்டும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா தானே எழுதினால் தாள் நனைந்துவிடுமாம், அதனால் அவள் சொல்லச் சொல்ல அருள்பாண்டியாகிய நான் எழுதுகிறேன், நடுநடுவே என் சரக்கும் சேரும்.

இதனால் மறைமாவட்ட மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் கோயில் பாடகர் மாடத்தில் பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. இந்த வருடம் பங்கில் கூடிய உறுப்பினர்கள் அந்த நால்வர்தான். காலைப் பூசைக்குப் பெஞ்சு முப்பது, ஆள் பதினெட்டு, அதிலும் பாதிப் பேர் வாசலில் பைக்கில் சாய்ந்தபடியே பூசை காண்கிறார்கள், கடைசி ஆசீருக்கு மட்டும் தலை உள்ளே வரும். போன வாரம் இறையழைத்தல் ஞாயிறு. குருவாக விருப்பமுள்ள பையன்கள் எழுந்து நில்லுங்கள் என்று பங்குச்சாமியார் கேட்டதும் அம்மாமார் அத்தனை பேரும் மகன்களின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நிறைய குருக்களைத் தாரும் ஆண்டவரே என்று உருகுகிறவர்களும் அவர்கள்தான், பக்கத்து வீட்டிலிருந்து என்பதை மட்டும் மனசுக்குள் சேர்த்துக்கொள்வார்கள்.

பதினோரு வருடத்தில் இந்தப் பங்கிலிருந்து போன ஒரே ஆள் நீ. அதனால்தான் கோயில் வாசலில் பன்னிரண்டு அடிக்குப் பேனர், உன் ஆதார் போட்டோ முகம், யாரோ ஒரு சாமியாரின் அங்கி, வருங்கால ஆயரே வருக என்று எழுத்து. பிஷப் ஆவது இருக்கட்டும், நீ குருப்பட்டம் வாங்கவே இன்னும் ஒன்பது வருடம் கிடக்கிறது. அதை நான் உனக்கு எழுதியதும் உன் பதில் வந்தது, இங்கே மனசு ஒட்டவில்லை, வீட்டுக்கு வர ஆசை, ஆனால் அந்தப் பேனருக்கு முன்னால் எப்படி நடந்து வருவேன் என்று. அம்மா மூன்று தடவை வாசித்தாள். எதிர்வீட்டு சுந்தரம்மாள் அத்தை கேள்விப்பட்டு வந்து, ஊரே சிரிக்குமே மதினி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுங்க என்றாள். அம்மா உடனே, ஒங்க மகன் சட்டைய அன்னைக்கு அம்புட்டு இறுக்கிப் பிடிச்சீங்களே, எம்மகன் மட்டும் பல்லைக் கடிக்கணுமாக்கும் என்றாள்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: கோயில்ல ஆள் இல்லைங்கிறதுக்காக நீ அங்க இருக்க வேணாம்யா, ஒனக்கு ஆண்டவர் வேணும்னா இரு, இல்லைன்னா கிளம்பி வா, சோறு ஆக்கி வைக்கிறேன்.

பேனரை நினைத்துக் கவலைப்படாதே. நேற்று பட்டப்பகலில், பேனர் கட்டிய கோயில் கமிட்டிக்காரர்கள் பார்த்திருக்க, ஏணி போட்டு ஏறி, நாலு கயிற்றையும் கத்தியால் அறுத்து ஒற்றை ஆளாக இறக்கிவிட்டேன், தெருவே வாயைப் பிளந்தது.

மாதா உன்னை மடியில் வைத்துக் காப்பாளாம். படுக்குமுன் ஜெபமாலை சொல்ல வேண்டுமாம், வாய் வராவிட்டால் கையில் பிடித்துக்கொண்டாவது தூங்க வேண்டுமாம். வருவதானால் ரயில் நம்பரை மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா செல்லத்தாய்
(கையெழுத்து மட்டும் அவளுடையது)

பி.கு. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏணியின் ஐந்தாவது படியிலேயே கோயில் கேட்டைக் கட்டிப்பிடித்து, இறக்கி விடுங்க என்று கத்தியதுதான் நான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறிக் கயிற்றை அறுத்தது அம்மா, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது சுந்தரம்மாள் அத்தை. இன்னொன்று, அந்தப் பேனரை டிசைன் செய்து ஆயரே என்று போட்டதும் நான்தான் அண்ணே. கோபம் இருந்தால் வந்து அடி.