ஸ்டோர் வாசற்படி

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று எனக்கு வயது எழுபத்து மூன்று, நான்கு மாதம், பதினொரு நாள். பத்து நாள் என்றுதான் சொன்னேன். முபீனா விரல்விட்டு எண்ணித் திருத்தினாள். நாற்பத்தைந்து வயதிலும் தாயைத் திருத்தும் பழக்கம் போகவில்லை. பழக்கியவள் நான்தான். பள்ளியில் அவளுக்கு வேதியியல் நடத்திய இரண்டு ஆண்டுகளும், மகளென்று அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போட்டதில்லை.

மாலையில் சுருளி வந்தார். மலைமேல் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரில், அந்த உலர்த்தும் கூடத்தில், முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காய் உலர்த்துபவர். கண்ணில் புரை, அனல் பக்கமே போகக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இந்த வருசம் வேற ஆளப் பாருங்க டீச்சரம்மா. ஆனா வெளியாள் எதுக்கு? பாப்பா இருக்குல்ல?"

பாப்பா, அதாவது முபீனா, எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். முதல் காய் எடுப்புக்கு இன்னும் பதினொரு நாள்.

ஆகஸ்ட் 8

அவள் ஏன் எழுந்து போனாள் என்பதை எழுதி வைக்கிறேன்.

1996, காலாண்டு விடுமுறை. அவளுக்குப் பதினேழு வயது. என் கணவர் அப்துல் அஜீஸ் அவளை முதன்முறையாக ஸ்டோரில் தனியே நிறுத்தினார். ஈரக்காயைத் தட்டுகளில் பரப்பி, அடியில் விறகெரித்துச் சூடேற்றும்போது, முதல் சில மணி நேரம் கூரைச் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஆவி வெளியேற வேண்டும். இல்லையென்றால் காய் வெந்து பச்சை போய்விடும். ஏன் போகிறது என்பதைச் சமன்பாட்டோடு வகுப்பில் நடத்தியவள் நான்.

அன்று சன்னல்கள் அடைபட்டிருந்தன. ஒரு எடுப்புக் காய் முழுவதும் வைக்கோல் நிறம். திறந்தோமா, மறந்தோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மறந்திருப்பேன் என்று அழுதாள். அவர் கத்தவில்லை. "உன் கையில காய் நிக்காதும்மா" என்றார். அவ்வளவுதான்.

அவ்வளவேதான். இன்று கன்று வைப்பது முதல் கூடை நிறைவது வரை தோட்டம் முழுவதும் அவள் பொறுப்பு. எந்தச் சரிவில் எந்தச் செடி சோம்பேறி என்பதுகூட அவளுக்குத் தெரியும். கூடைகளை ஸ்டோர் வாசலில் கொண்டுவந்து இறக்குவாள். அவள் அத்தா மௌத்தாகி மண்ணுக்குப் போய் மூன்று ஆண்டு ஆகியும் வாசற்படி தாண்டியதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கம்பத்திலிருந்து மகன் சஜ்ஜாத் வந்தான். மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு ஞாயிறுதோறும் வருவான். என்னைப் பார்க்க என்பான். உண்மையில் அக்காவோடு சண்டை போட.

"ஸ்டோர குத்தகைக்கு விட்டுருவோம்மா. அக்காவப் போட்டு ஏன் வதைக்கிறே?"

"அப்ப தோட்டத்தையும் சேத்து விட்டுரு" என்றாள் முபீனா. "கண்டவன்ட்டக் குடுத்து வேக வைக்கவா நான் அட்டைக்கடி வாங்குறேன்?"

"சரி, நீயே உலத்து."

அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போனபின் என் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு நீயும் மேலதானம்மா இருந்தே? அக்கா மறந்துச்சா இல்லையான்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு வேறு சோலி இருந்தது" என்றேன்.

ஆகஸ்ட் 13

முபீனா சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15

காலையில் நோட்டும் பேனாவுமாகச் சிலமலைக்குப் போனாள், சுருளி வீட்டுக்கு. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை வரவில்லை. அதற்குள் அவரே எனக்குப் போன் செய்துவிட்டார்: "வக்கீல் கணக்காக் கேக்குது டீச்சரம்மா. எத்தன மணிக்கு, எவ்வளவு சூடு, ஏன், எதுக்கு? நானே இத்தன வருசம் யோசிக்காததெல்லாம் கேக்குது!"

முப்பத்தோரு ஆண்டு பாடம் நடத்தினேன். இரண்டாவது 'ஏன்' கேட்ட மாணவிகள் உண்டு. மூன்றாவது 'ஏன்' கேட்டவள் ஒருத்திதான். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் அவள் பயம் போய்விடும். யார் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லேன், அமீருன்னிசா டீச்சர். வாய் என்ன அடைத்தா கிடக்கிறது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தோட்டத்துக்கு வராதே என்றார்கள், வந்தேன். சஜ்ஜாத் ஜீப்பை ஓட்டினான். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் "இடுப்பு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டான். பதினேழாவதில், இடுப்பு இருக்கிறது, நீ சாலையைப் பார் என்றேன்.

நேற்று எடுத்த காய் கழுவித் தயாராக இருந்தது. முபீனா கூடையோடு வாசற்படியில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சுருளி கறுப்புக் கண்ணாடியோடு வெளியே முக்காலியில்.

"குடுக்கா, நான் கொண்டு போறேன்" என்றான் சஜ்ஜாத்.

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

பிஸ்மி சொல்லி உள்ளே போனாள். வலது காலை முதலில் வைத்து.

வெளிச்சுவரில், கூரைச் சன்னல்களைத் திறந்து மூடும் கயிறுகளுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறாள். அட்டையில் அவள் எழுத்து: 'சன்னலைத் தொடுபவர் நாள், நேரம், காரணம், பெயர் எழுதவும்.'

"தண்ணி குடிக்கவும் கையெழுத்துப் போடணுமாக்கா?"

"பானைய மூடாமப் போறவன் நீதானே? நீ போடு."

பகல் முழுவதும் கால்மணிக்கு ஒரு தரம் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். விறகு சுமந்தவன் சஜ்ஜாத். கடை முதலாளி, சட்டை முழுவதும் கரி. குத்தகைப் பேச்சு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. இப்படி இரண்டு பேரைப் பெற்றவள் அதிகம் பேசக்கூடாது.

ஆகஸ்ட் 19

பகல் பதினொரு மணிக்குத் தட்டுகளை இழுத்தாள். கிளிப்பச்சை. தட்டுக்குத் தட்டு, மூலைக்கு மூலை.

சுருளி ஒரு காயைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே விதை கலகலத்தது. "கண்ணு எதுக்கு, இது போதும்" என்றவர், இருந்தாலும் கேட்டார்: "பச்சைதான பாப்பா?"

"பச்சைதாண்ணே." என்றாள்.

பிறகு ஒரு கைப்பிடிக் காயை என்முன் நீட்டினாள். "மார்க் போடும்மா."

"தொண்ணூற்றொன்பது."

"அந்த ஒண்ணு எங்க போச்சு?"

"என்னிடம் இருக்கிறது."

சிரித்துக்கொண்டே மூட்டை கட்டப் போனாள். நான் சொல்லாமலே தாண்டிவிட்டாள். எனக்கு இதைவிடப் பெருமையும் இல்லை, இதைவிட அவமானமும் இல்லை. 'எம்.எஸ்சி. படித்த டீச்சர்' என்று ஊர் சிரிக்குமே என்று, ஒரு நாள் வெட்கத்துக்கு அஞ்சி, இருபத்தெட்டு ஆண்டுகளை என் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

எழுந்து போய் அந்த நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில், அவளுடைய முதல் வரிக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அவள் கேட்டிருந்த வரிசையிலேயே எழுதினேன். அடுத்த முறை அடுப்பு மூட்டும்போது படிப்பாள்.

'1996 அக்டோபர் 1. பிற்பகல் இரண்டு மணி. முபீனா லுஹர் தொழப் போயிருந்தாள். சன்னல்களை அவள் திறந்துதான் வைத்திருந்தாள். சூடு வீணாகிறதென்று அடைத்தது நான். அமீருன்னிசா, எம்.எஸ்சி.'